கடவாய்ப் பல்லில் கட்டிய பொன்

வாயைத் திறந்து காட்டுகிறவர்கள் எல்லாரும் மனதையும் சேர்த்துத் திறந்து காட்டுகிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பல் கட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் அது நானே இல்லை என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆகவே கொஞ்சம் உட்காருங்கள்.

அச்சு எடுப்பது, உருக்குவது, தேய்ப்பது பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை. காலால் மிதித்து ஓட்டும் இயந்திரத்தில் பல்லைத் தேய்த்த ஆட்கள் நாங்கள். எங்கள் சாமான்களைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் பேசப் போவது சந்தேகத்தைப் பற்றி. வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்றுதான் பெயர். மீன்காரர் நிறுத்துத் தந்ததைக் கையில் தூக்கி ஒருமுறை எடை பார்க்காமல் நான் கூடையில் போட்டதில்லை. இந்தக் குணத்தை எனக்குப் பழக்கியது மலாக்கா காஜா பேராங்கில் இருந்த ஒரு பல் கடை.

கடை ஒரு சீனருடையது. பெயர் வேண்டாம். முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்றுதான் கூப்பிட்டோம். தகப்பனாரிடம் தொழில் கற்று, அரசாங்கத்தில் பதிந்து அனுமதி வாங்கியவர். வாய்க்குள் செய்யும் வேலை அவருடையது. அதற்கு வேண்டிய பல்லையும் தங்க உறையையும் பின்கட்டில் உட்கார்ந்து செய்வது என்னுடையது. எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை மலாய். சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது மேசையில் சிந்திய பொன்தூளைக் கோழியிறகால் கூட்டி அவரே எடுத்துவைப்பார். பிறகு சிரித்த முகத்தோடு என் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் சட்டையையே கழற்றச் சொல்லியிருப்பேன்.

மெர்டேக்கா வரப்போகிறது, நாடு சுதந்திரம் அடையப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். காட்டுப் பக்கம் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. அடையாளக் கார்டை மறந்துவிட்டு வெளியே போனால் மாத்தாக்காரர், அதாவது போலீஸ்காரர், பிடித்து உட்காரவைத்துவிடுவார். ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு ஒரேயடியாகக் குப்பையானதை எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதனால் யாரும் காகிதத்தை நம்பவில்லை, பொன்னை நம்பினார்கள். ஆனால் பொன்னைத் தொடுகிற எங்களை நம்பவில்லை.

பல்லுக்கு வேண்டிய பொன்னை வாடிக்கையாளரே கொண்டுவருவது அன்றைய வழக்கம். தோடு, மோதிரம், பவுன் காசு, எதுவாக இருந்தாலும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார்கள். அது உருகி ஆறும்வரை கண்ணை எடுக்க மாட்டார்கள். தட்டான் தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்பது நம்மவர்கள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் பழமொழி. பல் கட்டுகிறவனையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்கள். அதனால் தவுக்கே ஓர் உரைகல்லை வாங்கி முன்மேசையிலேயே வைத்திருந்தார். உருக்குவதற்கு முன்னும் உருக்கிய பின்னும் வந்தவரே உரசிப் பார்த்துக்கொள்ளலாம். தட்டார் தெருவான ஜாலான் துக்காங் எமாஸில் தெரிந்த ஆசாரி இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வரலாம். இப்படி வெளிப்படையாக இருந்த ஒரே காரணத்தால் எங்கள் கடை ஓடியது.

வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கழற்றிப் போடும் பொய்ப்பல்லில் தங்கம் வைத்துக்கொள்வதா, சொந்தப் பல்லின்மேலேயே கழற்ற முடியாதபடி தங்க உறை கட்டிக்கொள்வதா? தவுக்கே எப்போதும் முதலாவதைத்தான் சொல்வார். பொய்ப்பல்லைக் கழற்றிக் கழுவலாம், உடைந்தால் மாற்றலாம், கஷ்டகாலத்தில் தங்கத்தை மட்டும் பெயர்த்து எடுக்கலாம். உறை அப்படி இல்லை. நல்ல பல்லைத் தேய்த்துத்தான் அதைக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு உள்ளே பல் சொத்தையானாலும் வெளியே தெரியாது. மேலே மினுக்கும், அடியில் புழுக்கும். ஆனால் நம் ஆட்களுக்கு உறைதான் பிடிக்கும். கழற்றுகிற தங்கம் இரவல் தங்கம் மாதிரி என்பார்கள்.

ஒரு பல்லைக் கட்டக் குடும்பமே கிளம்பி வருவதும் உண்டு. மாமியார் ஒன்று சொல்வார், மாப்பிள்ளை ஒன்று சொல்வார், பல்வலிக்காரர் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். சத்தம் அதிகமானால் தவுக்கே கையைக் கழுவிவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "சியாப்பா பூஞா மூலுட்?" வாய் யாருடையது என்று அர்த்தம். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய பக்கத்துக் கிராமத்துச் செட்டி வீட்டார் சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவதெல்லாம் மலாய். தவுக்கே அப்படிக் கேட்பது காதில் பட்டாலே அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் வெகுநாள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை கடை திறந்ததும் ஓர் அக்கா வந்தார். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். சாயம் போன சேலை, நெற்றி நிறையக் குங்குமம். முன்பல் ஒன்று இல்லை. புருஷன் லோரி ஓட்டுகிறவர் என்றும், நெஞ்சுச் சீக்கில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்றும் சொன்னார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். வளையல்கள், ஓர் அட்டிகை, கல் பெயர்க்கப்பட்ட தோடு. நான் தவுக்கேயைப் பார்த்தேன். தவுக்கே என்னைப் பார்த்தார்.

"பல்லு கட்டணும் தம்பி," என்றார் அந்த அக்கா.

"முன்பல்லுக்கு இவ்ளோ பொன் எதுக்குக்கா? ஒரு தோடே தாராளம். பொய்ப்பல்லு ஒன்னு செஞ்சி அதுல தங்கம் வச்சிக்கலாம். தவுக்கேயும் அதத்தான் சொல்லுவாரு."

"முன்பல்லுக்குத் தங்கம் வேணாம். அது வெள்ளையாவே இருக்கட்டும். கழட்டிப் போடறதா இருந்தாலும் பரவால்ல." விரலைக் கன்னத்துக்கு அப்பால் காட்டினார். "உள்ளாற, கடவாப் பல்லுல கட்டுங்க. கழட்ட முடியாத மாதிரி."

"அங்க கட்டுனா யாருக்குக்கா தெரியும்?"

"தெரிய வேணாம்."

என் தலைக்குள் மணி அடித்தது. தங்கப்பல் கட்டுகிறவர்கள் சிரிப்பதற்காகக் கட்டுகிறார்கள். அதனால்தான் முன்பல்லில் கட்டுகிறார்கள். யாரும் பார்க்காத இடத்தில் பொன்னை வைக்க நினைக்கிறவர் ஒன்று திருடியிருக்க வேண்டும், இல்லையென்றால் கப்பலேறப் போகிறவராக இருக்க வேண்டும். நாகப்பட்டினத்துச் சுங்கத்தில் பொன்னைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, ஊருக்குப் போகும் முன் வாய் நிறையத் தங்கம் கட்டிக்கொண்ட ஆட்களை நாங்கள் பார்த்திருந்தோம். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் என் சந்தேகம் இரண்டு மடங்கானது.

"கனமாவே கட்டுங்க தம்பி. மிச்சம்னு எனக்கு ஒன்னும் திருப்பித் தர வேணாம். எல்லாம் பல்லுலயே போவட்டும்."

அதை மலாயில் தவுக்கேயிடம் சொன்னேன். அவர் அந்த அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து வாயைப் பார்த்தார். கடவாய்ப் பற்கள் கல்லுக் கல்லாக இருந்தன. நல்ல பல்லைத் தேய்ப்பது பாவம் என்று முணுமுணுத்தார். கனமாகக் கட்டினால் இன்னும் அதிகம் தேய்க்க வேண்டும், பின்னால் வலிக்கலாம், பல்லே போகலாம், இதையெல்லாம் சொல் என்றார். சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார்.

"பல்லு போனா போவுது," என்றார்.

தவுக்கே அன்று வேலையை ஏற்கவில்லை. அச்சுக்குச் சாமான் இல்லை, அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டார். சாமான் மேசை லாச்சியில் நிறைய இருந்தது. அக்கா முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டு போன பிறகு காரணத்தைச் சொன்னார். திருட்டுப் பொன்னுக்குப் பொறுமை இருக்காது, காத்திருக்கச் சொன்னால் வேறு கடைக்கு ஓடிவிடும், சொந்தப் பொன் என்றால் திரும்பி வரும். இந்தப் பரீட்சை எவ்வளவு சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கெட்டிக்காரத் திருடராக இருந்தால் பொறுமையாகத் திரும்பி வரமாட்டாரா என்ன?

அந்த வாரத்துக்குள் இன்னொருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மரியாதையான பேச்சு. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். பல் ஒன்றும் வலிக்கவில்லை, சும்மா விசாரிக்க வந்தேன் என்றார். சும்மா விசாரிக்க வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"எங்க அண்ணி இங்க வந்தாங்களா தம்பி? முன்பல்லு இருக்காது. அண்ணன் ஆஸ்பத்திரியில கெடக்கறாரு."

"நெறைய பேரு வராங்க அண்ணே."

"நகை ஏதாச்சும் கொண்டாந்தாங்களா?"

"வாய்க்குள்ள நடக்கறத நாங்க வெளிய சொல்றதில்ல."

அவர் சிரித்தார். "அண்ணிய நான் தப்பா சொல்லல. அந்த நகையெல்லாம் எங்கம்மா போட்டது. அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சின்னா, புள்ளைக்குன்னு நான்தான எடுத்து வைக்கணும்? பொம்பளங்களுக்கு என்னா தெரியும், சொல்லுங்க."

நியாயமாகத்தான் இருந்தது. உண்மையாகவும் இருந்திருக்கலாம். அவர் போன பிறகு நான் வெகுநேரம் யோசித்தேன். ஒரு பக்கம் புருஷன் சாகக்கிடக்கும்போது நகையை உருக்கப் பார்க்கும் மனைவி. இன்னொரு பக்கம் அண்ணன் சாகுமுன்பே நகையைத் தேடித் திரியும் தம்பி. இரண்டு பேரையும் பிடிக்கவில்லை எனக்கு.

சொன்ன நாளில் அந்த அக்கா வந்தார். கொழுந்தன் வந்து விசாரித்ததைச் சொன்னேன். முகம் மாறியது, ஆனால் எழுந்து ஓடவில்லை. தவுக்கே கையைத் துடைத்துக்கொண்டு அவரிடமே நேராகக் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்:

"இது யாரு நகைன்னு தவுக்கே கேக்கறாருக்கா."

"என்னோடது. எங்கப்பா போட்டது. கொழுந்தன் வேற மாதிரிதான் சொல்லுவாரு. நான் சொல்றத நீங்க ஏன் நம்பணும்? நம்ப வேணாம். கட்டி மட்டும் குடுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அவரு போயிட்டா கழுத்துல காதுல கையில இருக்கறதெல்லாம் கழட்டிருவாங்க தம்பி. பெட்டியில இருக்கறதயும் எடுத்துக்குவாங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கு. பல்ல கழட்டச் சொல்லி எந்தச் சாஸ்திரத்துலயும் இல்ல."

காலமெல்லாம் தங்கப்பல் செய்கிறேன், கழற்றுவது கழற்றாதது என்று எத்தனையோ பேருக்கு வியாக்கியானம் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு அந்த வித்தியாசம் இப்படி ஒன்றாக இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பூ, பொட்டு, வளையல் எல்லாவற்றையும் எடுக்க நம்மிடம் சடங்கு இருக்கிறது. கடவாய்ப் பல்லுக்குச் சடங்கு இல்லை. தவுக்கேயிடம் மலாயில் சொன்னேன். அவர் கால் இயந்திரத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

உருக்கும்போது அந்த அக்கா என் மேசை அருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, என் விரல்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உரைகல்லில் அவரே உரசிப் பார்த்தார். அவர் கதையை நான் முழுக்க நம்பவில்லை, என் கையை அவர் கொஞ்சமும் நம்பவில்லை. இப்படித்தான் அந்த உறைகள் உருவாயின. கட்டி முடித்ததும் நாக்கால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முன்னால் வைத்த வெள்ளைப் பல்லைக் கண்ணாடியில் பார்க்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். சில மாதங்கள் போயின. ஒருநாள் தவுக்கே மூவாரில் சொந்தக்காரர் சாவுக்குப் போய்விட்டார். அச்சு எடுக்க வேண்டாம், பல் பிடுங்க வேண்டாம், வந்தவர்களுக்கு நாள் சொல்லி அனுப்பு என்று கடையை என் பொறுப்பில் விட்டிருந்தார். வாங்குப் பலகையில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது துணிக்கடைக் கணக்குக்காரர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் அந்த அக்கா. வெள்ளைச் சேலை. நெற்றி வெறுமையாக இருந்தது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தம்பி, அண்ணிக்குக் கடவாப் பல்லுல தங்கம் கட்டிருக்கீங்க. அதக் கழட்டுங்க," என்றார் அவர். குரல் உயரவில்லை. வீட்டில் முடிவாகிவிட்ட காரியத்துக்கு வந்தவர் போல இருந்தது.

"தவுக்கே இல்ல அண்ணே."

"கட்டுனது நீங்கதான? கழட்டத் தெரியாதா?"

தெரியும். தவுக்கே செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் இல்லாதபோது அதைத் தொட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும். ஆனால் அதைச் சொல்லித் தப்பித்தால் அவர் நாளைக்கு வருவார், நாளை மறுநாள் வருவார். நான் அந்த அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதித்து வந்தாரா, இழுத்துவரப்பட்டாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. திருடிய பொன்னைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் போலவும் இருந்தார், பறிகொடுக்க வந்தவர் போலவும் இருந்தார்.

அப்போதுதான் அந்த வேடிக்கைக் கேள்வி ஞாபகம் வந்தது. நகை யாருடையது என்று எனக்குத் தெரியாது. அதைத் தீர்க்க நான் பஞ்சாயத்தும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

"உக்காருங்கக்கா," என்று நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். கருவித் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். "கழட்டலாமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க. கழட்டணும்னா வாயத் தெறந்து காட்டுங்க. தவுக்கே வந்ததும் மொத வேலையா செஞ்சி தரச் சொல்றேன்."

அவர் திறக்கவில்லை. உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு நேரே சுவரைப் பார்த்தார். தாடை எலும்பு புடைத்துத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. அவர் கடித்துக்கொண்டிருந்தது அந்தப் பொன்னைத்தான்.

"தெறங்கண்ணி," என்றார் கொழுந்தன். திறக்கவில்லை. "அண்ணி, வீட்ல பேசுனது என்னா?" திறக்கவில்லை. அவர் என்னிடம் திரும்பினார். "நீங்க புடிச்சித் தெறங்க தம்பி."

"மூடுன வாய்ல எங்களுக்கு வேல இல்ல அண்ணே. நீங்க வேணா தெறந்து விடுங்க."

வேண்டுமென்றேதான் சொன்னேன். அண்ணன் மனைவி தாய்க்குச் சமம் என்று வளர்ந்த மனுஷர் அவர். அதுவும் வாங்கில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் கை எழும்பியது, எழும்பிய வேகத்தில் கீழே இறங்கிவிட்டது. முகம் கறுத்தது.

"திருட்டு நகைய உருக்கிக் குடுத்தீங்கன்னு மாத்தாகிட்ட போவேன். கடையை மூட வச்சிருவேன். தெரியும்ல?"

இப்போது எனக்கு நிஜமாகவே பயம். தவுக்கேயின் அனுமதி போனால் அவருக்குப் பிழைப்பில்லை, எனக்கும் இல்லை. ஆனாலும் பயத்தை முகத்தில் காட்டக் கூடாது என்ற புத்தி எங்கிருந்தோ வந்தது.

"போங்க அண்ணே. தவுக்கே வந்ததும் நானும் சொல்றேன். மாத்தா வந்தாருன்னா யாரு பொன்னுன்னு முடிவாவற வரைக்கும் அவருதான எடுத்து வச்சிக்குவாரு? அப்புறம் அது உங்களுக்கும் இல்ல, அக்காவுக்கும் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "இன்னொன்னு. கழட்டியே குடுத்தாலும் அத என்னா செய்வீங்க? மாசக்கணக்கா ஒருத்தங்க வாய்ல கெடந்த பொன்னு. எச்சில் பொன்னு. உங்க வீட்டு நல்ல காரியத்துக்கு, ஒரு பொண்ணு கழுத்துக்கு, அதப் போடுவீங்களா?"

விற்றுவிட்டால் எச்சிலாவது மண்ணாவது என்று அவருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? ஆனால் திருநீறு பூசிய நெற்றியோடு நாலு பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "நல்லா இருங்க," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த வார்த்தையில் ஆசீர்வாதம் கொஞ்சமும் இல்லை.

அவர் தெருச் சடக்கைத் தாண்டிப் போகும்வரை அந்த அக்கா நாற்காலியிலேயே இருந்தார். பிறகு எழுந்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன், அல்லது ஒரு நன்றி வரும் என்று நினைத்தேன். இரண்டும் வரவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, அன்று முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"பல்லுல ஒட்டுன அந்த சிமெண்டு விட்டுறாதுல்ல தம்பி?"

"விடாதுக்கா," என்றேன். எந்தச் சிமெண்டும் ஒருநாள் விடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று அதைச் சொல்வதற்கான நெஞ்சு எனக்கு இருக்கவில்லை.

மூவாரிலிருந்து வந்த தவுக்கே நடந்ததைக் கேட்டார். பாராட்டினார் என்று நினைக்கிறீர்களா? அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கொழுந்தனுக்கு ஆசை காட்டியதே தப்பு, அந்த அம்மா பயந்துபோய் வாயைத் திறந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று திட்டினார். அது எனக்குத் தோன்றவே இல்லை. நெருக்கடியில் நீங்கள் கேட்கும் கேள்விக்கு நீங்கள் விரும்பாத பதிலும் வரலாம், தம்பிகளே, தங்கைகளே. அதற்கும் தயாராக இருந்துகொண்டு கேளுங்கள். மாத்தா வருவார் என்று ரொம்ப நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

வருடங்கள் ஓடின. சுதந்திரம் வந்து பழகிப் போயிற்று. தவுக்கேக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது, கை மட்டும் நடுங்கவில்லை. ஒருநாள் நரைத்த தலையோடு ஓர் அம்மாள், பக்கத்தில் சேலை கட்டிய மகள். முகம் எனக்குப் பிடிபடவில்லை. வாயைத் திறந்து பேசியதும் உள்ளே ஓரத்தில் மஞ்சளாக மின்னியதைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"கழட்டணும் தம்பி. புள்ளைக்குக் கல்யாணம்."

தவுக்கே அவரை உற்றுப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியருகே நின்று, வழக்கமாகச் சத்தம் போடும் குடும்பங்களிடம் கேட்பதை அவரிடம் கேட்டார். இந்த முறை குரலில் வேடிக்கை இல்லை.

"சியாப்பா பூஞா மூலுட்?"

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் அந்த அக்கா, மலாய் சரியாக வராத அந்த அக்கா, "சாயா பூஞா, தவுக்கே," என்றார். என்னுடையது. சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி நின்று விளக்கின் திரியைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்தேன்.

உறைகளைக் கழற்றியபோது அடியில் ஒரு பல் முழுக்கச் சொத்தையாகியிருந்தது. தவுக்கே அன்று பயந்தது நடந்திருந்தது. எத்தனை இரவு வலியைப் பொறுத்துக்கொண்டாரோ, ஒருமுறைகூடக் கடைப் பக்கம் வரவில்லை. மற்றவை தாக்குப்பிடித்திருந்தன. பிறகு உருக்க வேண்டும். அதே முக்காலியைக் கேட்டு வாங்கி என் மேசையருகே போட்டு உட்கார்ந்தார். அதே கண். என் விரல் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

"அன்னிக்கு எச்சில் பொன்னுன்னு சொன்னீங்களே தம்பி," என்றார் கண்ணை எடுக்காமல். "இது புள்ளை கழுத்துக்கு ஆவுமா?"

"அது அவருக்குச் சொன்னதுக்கா. நெருப்புல போட்டதுக்கு எச்சில் ஏது?"

"அவருக்கு ஒன்னு, எனக்கு ஒன்னா?" என்றார். சிரித்தாரோ என்னவோ.

மகளுக்கு அம்மாவின் போக்கு சங்கடமாக இருந்தது போலிருக்கிறது. என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "அப்பாதான் ஆஸ்பத்திரியில சொன்னாராம் மாமா, பல்லுல கட்டிக்கன்னு. அம்மா சொல்லும்." இருக்கலாம். அந்தப் பெண் தன் அம்மா சொன்னதைத்தான் சொன்னாள். அவள் அப்பா சொன்னதை நான் கேட்கவில்லை, அவள் சித்தப்பா சொன்னது பொய் என்றும் எனக்கு நிச்சயமில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த நகை யாருடையது என்று என்னிடம் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன்.

பொன் ஆறியது. எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் நேரே முன்மேசைக்குப் போய் உரைகல்லில் உரசினார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மகளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இது? இவங்கள நம்பித்தான இத்தன வருஷம் வாயில வச்சிருந்த? இப்ப போயி ஒரசிப் பாக்கற!"

அந்த அக்கா பொன்னை முந்தானையில் முடிந்துகொண்டார். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், தவுக்கேயைப் பார்த்தார். கோபமில்லை, பகையில்லை.

"நான் யாரயும் நம்பல. என் பல்ல நம்புனேன்," என்றார்.

இருவரும் சடக்கில் இறங்கிப் போனார்கள். அக்கா கடைசியாகச் சொன்னதை நான் மலாயில் சொல்ல, தவுக்கே கேட்டுவிட்டு ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வாங்கில் அடுத்தவர் கைக்குட்டை முடிச்சோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உரைகல்லைத் துடைத்து அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.